பாங்காக்ல குதிரை ரேஸ் பாக்கப் போறீங்களா? முதல் தடவை போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

தாய்லாந்து டூர் ப்ளான் போடுற நம்மாளுங்க லிஸ்ட்ல கோயில் இருக்கும், மிதக்கும் சந்தை இருக்கும், பட்டாயா இருக்கும், ஷாப்பிங் கண்டிப்பா இருக்கும், ஆனா ரேஸ் கோர்ஸ் இருக்காது. எனக்கு அது பெரிய குறையா படுது. பாங்காக்காரங்க ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்தை எப்படிக் கழிக்கிறாங்கன்னு பாக்கணும்னா, டூரிஸ்டுக்காகன்னு எதையும் ஜோடிக்காத இடம் வேணும்னா, ரேஸ் நாள் அன்னைக்கு அந்த ஸ்டாண்ட்ல போய் உக்காருங்க. பந்தயம் கட்டணும்னு அவசியமே இல்ல. குதிரையை கிட்ட இருந்து பாக்கவும் அந்தக் கூட்டத்தைப் பாக்கவும் போனாலே போதும், அதுக்காகத்தான் இதை எழுதுறேன், பணம் சம்பாதிக்க வழி தேடுறவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது.

முதல்ல எங்க போகணும்னு தெளிவாயிடுங்க, ஏன்னா பழைய கைடு புக்லயும் பழைய மேப்லயும் இன்னும் ரெண்டு ரேஸ் கோர்ஸ் போட்டிருப்பாங்க. பாங்காக்ல ரொம்ப காலமா ரெண்டு இருந்தது உண்மைதான். ஒண்ணு ராயல் பாங்காக் ஸ்போர்ட்ஸ் கிளப், 1901-ல ராஜா சுலாலோங்கோர்ன், அதாவது அஞ்சாம் ராமா, அவரோட அனுமதியோட ஆரம்பிச்சது. இன்னொண்ணு நாங் லோங் பகுதில இருந்த ராயல் டர்ஃப் கிளப், அது 1916, ஆறாம் ராமா காலம். முதல்ல சொன்னதை ஜனங்க "சனாம் ஃபராங்"ன்னும் ரெண்டாவதை "சனாம் தாய்"ன்னும் சொல்வாங்க, வெள்ளைக்காரங்க மைதானம், தாய்க்காரங்க மைதானம். ஒரு ஞாயிறு இங்க, அடுத்த ஞாயிறு அங்கன்னு மாத்தி மாத்தி ரேஸ் நடக்கும், அதனால ரேஸ் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு வாரா வாரம் வேலை இருந்துச்சு. நாங் லோங் நிலம் அரச சொத்து, 2018 செப்டம்பர்ல கடைசி ரேஸ் ஓட்டி மூடிட்டாங்க. அந்த 279 ராய் இடத்தை, அதாவது கிட்டத்தட்ட 110 ஏக்கர், ஒன்பதாம் ராமா நினைவாப் பெரிய பூங்காவுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. அதனால டாக்ஸில ஏறி நாங் லோங் போனீங்கன்னா குதிரை இருக்காது. அந்தப் பக்கம் போகணும்னு ஆசைன்னா 1900-ல ஆரம்பிச்ச நாங் லோங் மார்க்கெட் பக்கத்துலயே இருக்கு, சாப்பாட்டுக்குப் போகலாம், ரேஸுக்கு இல்ல.

ஆக பாங்காக்ல இப்போ ஒண்ணே ஒண்ணுதான். கூடவே சொல்லிடுறேன், இதுவும் எத்தனை வருஷம் இருக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஊர் நடுவுல அவ்ளோ பெரிய பச்சை நிலம், சுத்தி எல்லாம் மாலும் ஹோட்டலும், வந்து பாக்குற கூட்டத்துல வயசானவங்கதான் ஜாஸ்தி. போகணும்னு தோணுறவங்க தள்ளிப் போடாதீங்க.

தேதி பாக்குறது

பொதுவா ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ரேஸ் இருக்கும். ஆனா இதை நம்பி மட்டும் டிக்கெட் போடாதீங்க, பண்டிகை வரும், அரச குடும்ப நிகழ்ச்சி வரும், மழைல ட்ராக் வீணாப் போகும், தேதி மாறும். கிளப்போட சொந்த அட்டவணையைப் பாருங்க, இல்லாட்டி உங்க ஹோட்டல் ரிசப்ஷன்ல சொல்லி தாய் பாஷைல ஒரு போன் போடச் சொல்லுங்க, அது ரெண்டு நிமிஷ வேலை, அவங்க சந்தோஷமாவே பண்ணுவாங்க. ஒரு விஷயம் கவனம், தாய் அட்டவணைல வருஷம் பௌத்த ஆண்டுல இருக்கும், நம்ம வருஷத்தோட 543 கூட்டணும், 2025-ன்னா அங்க 2568, அதையும் சுருக்கி 68-ன்னு மட்டும் போடுவாங்க. முதல்ல நாள், அப்புறம் மாசம், நம்ம ஊர் மாதிரியே.

மாசம் எதுன்னு கேட்டா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்லது. ஏப்ரல் வெயில்ல ஸ்டாண்ட்ல உக்காந்து பாருங்க, சென்னைக்காரங்களுக்கே கண்ணைக் கட்டும். மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை, சாயங்காலம் திடீர்னு கொட்டும், குடை எடுத்துக்கோங்க, மழை பெஞ்ச புல்தரைல குதிரை ஓடுறது வேற மாதிரியான ரேஸ், எனக்கு அது பிடிக்கும், ஆனா முதல் தடவை போறவங்களுக்கு அவ்வளவு வசதிப்படாது.

சட்டம் – இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க

தாய்லாந்துல சூதாட்டம்னா பொதுவா குத்தம். 1935-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இன்னைக்கும் அமல்ல இருக்கு. அரசாங்க லாட்டரி, லைசென்ஸ் வாங்கி நடத்துற குதிரை ரேஸ் மாதிரி சிலதுக்குத்தான் வழி விட்டிருக்காங்க. கேசினோ கொண்டு வரலாம்னு ஒரு மசோதா ரொம்ப நாளாப் பேசப்பட்டு 2025 ஜூலைல அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க. அதனால "ஊரே ஆடுது, நாமளும் ஆடினா என்ன"ங்கிற நினைப்பு வேண்டாம்.

எவ்வளவு கண்டிப்புன்னு புரியணும்னா ஒரு சம்பவம் சொல்றேன். 2016 பிப்ரவரில பட்டாயால ஒரு கிளப்ல பிரிட்ஜ் சீட்டு ஆடிட்டு இருந்த 30-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுக்காரங்களைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு. பெரும்பாலும் ரிட்டயர்டு ஆன தாத்தா பாட்டிங்க, அதுல 84 வயசு அம்மா ஒருத்தங்களும் உண்டு. காசு வெச்சு ஆடலைன்னு அவங்க சொன்னாங்க, ஆனா ஒருத்தர் கிட்ட 120 சீட்டுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு பழைய சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல மாட்டினாங்க. ராத்திரி ஜாமீன்ல வந்தாங்கன்னாலும் டூர் போன இடத்துல அந்த அலைச்சல் யாருக்கு வேணும்?

ரேஸுக்கு இது எப்படிப் பொருந்தும்னா, மைதானத்துக்குள்ள இருக்குற டோட் கவுண்டர்ல, அதாவது எல்லாரும் கட்டுற பணத்தை ஒண்ணாச் சேர்த்து ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்குற கவுண்டர்ல, நீங்க கட்டுற பந்தயம் மட்டும்தான் சட்டப்படி சரி. ஸ்டாண்ட்ல நடமாடிட்டு கவுண்டரை விட நல்ல ரேட் தர்றேன்னு யாராவது வந்தா அவங்க சட்ட விரோத புக்கி. கிண்டி ரேஸ் பழக்கம் இருக்குறவங்களுக்கு இது குழப்பும், ஏன்னா அங்க லைசென்ஸ் வெச்ச புக்கிங்க வரிசையா போர்டு போட்டு நிப்பாங்க, இங்க அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. போன்ல ஆப் வெச்சு கட்டுறதும் வேண்டாம். "மாய் ஆவ் க்ராப்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு நகந்துடுங்க, வேண்டாங்கன்னு அர்த்தம், பொண்ணுங்க "மாய் ஆவ் கா"ன்னு சொல்லணும்.

வயசு விஷயம், தாய்லாந்துல சட்டப்படி மேஜர்னா 20 வயசு, 18 இல்ல. 20 நிறையாத பசங்களைக் கூட்டிட்டு பந்தயம் கட்டுற இடத்துக்குப் போகாதீங்க. பாஸ்போர்ட் இல்லாட்டி அதோட தெளிவான காப்பி கைல இருக்கட்டும், போலீஸ் கேட்டா காட்டணும். இ-சிகரெட் பழக்கம் இருந்தா நாட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க, அங்க தடை.

என்ன போட்டுக்கிட்டு போறது, என்ன எடுத்துட்டுப் போறது

பொது ஸ்டாண்டுக்கு கோட்டு சூட்டெல்லாம் வேண்டாம். பேன்ட், காலர் வெச்ச சட்டை, ஷூ, இது போதும், எங்க போனாலும் தடுக்க மாட்டாங்க. மெம்பர்களுக்கான பகுதிக்கு யாராவது மெம்பர் கூட்டிட்டுப் போனா மட்டும் அவங்க சொல்ற உடை விதியைக் கேட்டுக்கோங்க. தொப்பி, தண்ணி, ஒரு பேனா. பேனா எதுக்குன்னா ரேஸ் புக்ல குறிக்க, அங்க வர்ற ஒவ்வொரு பெரியவர் கைலயும் பேனா இருக்கும். பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, தூரத்து வளைவுல என்ன நடக்குதுன்னு அது இல்லாம தெரியாது.

பணம் சில்லறையா, 20, 50, 100 பாட் நோட்டா கொண்டு போங்க. கியூஆர் ஸ்கேன் பண்ணிக் கட்டுற தாய் வசதி அங்க பேங்க் அக்கவுன்ட் இல்லாதவங்களுக்குப் பெரும்பாலும் உதவாது. நோட்டுல ராஜா படம் இருக்கு, காத்துல பறந்தா ஓடிப் போய் காலால மிதிச்சு நிறுத்தாதீங்க, இது சாதாரண மரியாதைக் குறைவு இல்ல, ராஜாவை அவமதிக்கிறது அங்க ஜெயில் தண்டனை வரைக்கும் போற குத்தம். குனிஞ்சு கையால எடுங்க.

அன்னைக்கு எவ்வளவு போனாலும் பரவாயில்லைன்னு ஒரு தொகையை ஹோட்டல்லயே எண்ணித் தனியா வெச்சுக்கோங்க. அதுக்கு மேல பர்ஸ்ல பந்தயப் பணம் இருக்கவே கூடாது. ஏடிஎம் கார்டை ரூம்லயே விட்டுடுங்க. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், ஏன்னா தோத்த பணத்தை அடுத்த ரேஸ்ல பிடிச்சுடலாம்னு நினைக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் ரேஸ்ல குடும்பம் அழியுற இடம், நம்ம ஊர்லயும் அதைப் பாத்திருக்கோம்.

போற வழி

பிடிஎஸ் ட்ரெயின்ல போங்க, ஞாயித்துக்கிழமைன்னாலும் ரோட்டை நம்ப வேண்டாம். சியாம் ஸ்டேஷன்ல இறங்கி ஹென்றி டூனான்ட் ரோட்டுல தெற்கா நடந்தா பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல இடது பக்கம் கிளப் வாசல். வலது பக்கம் முழுக்க சுலாலோங்கோர்ன் யுனிவர்சிட்டி. டாக்ஸின்னா டிரைவர் கிட்ட "சனாம் மா, தானோன் ஆங்ரி டூனாங்"னு சொல்லுங்க, ஹென்றி டூனான்ட்னு நம்ம உச்சரிப்புல சொன்னா பாதி பேருக்குப் புரியாது. சனாம் மான்னா குதிரை மைதானம்.

ஒரு நல்ல யோசனை, சியாம்ல இறங்குறதுக்குப் பதிலா சிலோம் லைன்ல அடுத்த ஸ்டேஷன் ராட்ச்சதம்ரி வரைக்கும் ஒரு தடவை போய், பிளாட்ஃபார்ம்ல நின்னு மேற்குப் பக்கம் பாருங்க. மொத்த ட்ராக்கும் அதுக்கு நடுவுல இருக்குற கோல்ஃப் மைதானமும் ஒரே பார்வைல தெரியும். ரேஸ் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு மேல இருந்து ஒரு தடவை பாத்துட்டா உள்ள போனதும் குழப்பம் இருக்காது. என்ன, வாசல் எதிர்ப்பக்கம் இருக்குறதால திரும்ப சியாம் வந்து நடக்கணும்.

இந்த நிலத்துக்கு இன்னொரு சரித்திரமும் இருக்கு. 1911 ஜனவரி 31-ம் தேதி, பெல்ஜியத்துக்காரர் சார்ல்ஸ் வான் டென் போர்ன் தாய்லாந்துல முதல் முதலா ஏரோப்ளேன் ஓட்டிக் காட்டினது இந்த மைதானத்துலதான், அப்போ அதுக்கு ஸ்ரா பாதும்னு பேர். டான் முயாங் விமான நிலையம் அதுக்கப்புறம் வந்தது. குதிரை ரேஸே அந்த நாட்டுக்கு அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்துச்சு, 1897-ல அஞ்சாம் ராமா ஐரோப்பா சுத்திட்டு திரும்பி வந்ததைக் கொண்டாட சனாம் லுவாங் மைதானத்துல ஓட்டினதுதான் முதல் ரேஸ்னு சொல்றாங்க.

உள்ள போனதும்

மத்தியானம் பன்னண்டு ஒரு மணிக்கெல்லாம் போயிடுங்க. சாயங்காலம் வரைக்கும் பத்து ரேஸ் அளவுக்கு நடக்கும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல அரை மணி நேரம் கிட்ட. வாசல்ல டிக்கெட் வாங்கும்போது எந்த ஸ்டாண்ட்னு கேப்பாங்க, விலை குறைஞ்ச ஸ்டாண்டை எடுங்க. ஏசி ரூம்ல கண்ணாடி வழியா டிவி பாக்குற மாதிரி ரேஸ் பாக்குறதுக்கு நீங்க வீட்லயே இருந்திருக்கலாம். சாதா ஸ்டாண்ட்லதான் டாக்ஸி டிரைவர், ரிட்டயர்டு வாத்தியார், மார்க்கெட் கடைக்காரம்மா எல்லாரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ரேஸ் புக்கைப் படிச்சிட்டு இருப்பாங்க, பரீட்சைக்கு முந்தின நாள் ஹால்ல இருக்குற அமைதி அப்படியே இருக்கும். சீட்ல பேப்பரோ துண்டோ போட்டு வெச்சிருந்தா அது பிடிச்ச இடம், உக்காராதீங்க.

ரேஸ் புக் வாங்கிடுங்க. எல்லாம் தாய் எழுத்துலதான் இருக்கும், பயப்பட வேண்டாம், உங்களுக்கு வேண்டியது நம்பர்தான். பெரும்பாலும் நமக்குத் தெரிஞ்ச எண்களேதான், சேணத் துணில பெருசா இருக்குற நம்பரும் புக்ல இருக்குற நம்பரும் ஒண்ணு. ஒவ்வொரு குதிரைக்கும் சுமக்கிற எடை, ஜாக்கி பேர், முந்தின ரேஸ்கள்ல எத்தனாவதா வந்துச்சுங்கிற விவரம் இருக்கும். நல்லா ஓடுற குதிரைக்கு எடை கூட ஏத்துவாங்க, சுமாரான குதிரைக்குக் குறைச்சுக் கொடுப்பாங்க, ஹேண்டிகேப்னு சொல்றது அதைத்தான், அதனால எடை அதிகமா இருக்குற குதிரையைப் பாத்து பாவம்னு நினைக்காதீங்க, அதிகாரிங்க அதைத்தான் கெட்டிக்காரக் குதிரைன்னு கணிச்சிருக்காங்க. போன்ல கேமரா வெச்சு மொழிபெயர்க்கிற ஆப் இருந்தா பக்கத்தைக் காட்டுங்க, குதிரைப் பேரு எல்லாம் தப்பும் தவறுமா வரும், தலைப்புக்கள் புரியும், அது போதும்.

பேடாக் – இங்கதான் நேரத்தைச் செலவு பண்ணணும்

ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னாடி குதிரைங்களை ஒரு வட்டத்துல நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. டூரிஸ்டா வர்றவங்க இதை விட்டுட்டு கவுண்டர் வரிசைல நிப்பாங்க, அநியாயம். எனக்குக் கேட்டா ரேஸ் நடக்குற ரெண்டு நிமிஷத்தை விட இந்தப் பத்து நிமிஷம்தான் பெருசு. கம்பிக்கு வெளிய நின்னு பாருங்க. தோல் மினுமினுன்னு இருக்கா, நடை தளர்வா சீரா இருக்கா, காது முன்னாடி நிமிர்ந்திருக்கா இல்ல பின்னாடி படுத்திருக்கா, இதெல்லாம் பாருங்க. வயித்துப் பக்கமும் பின்னங்கால் நடுவுலயும் சோப்பு நுரை மாதிரி வேர்வை வழியுற குதிரை, தலையை ஆட்டிக்கிட்டு பராமரிக்கிற ஆளை இழுத்துக்கிட்டு நடக்குற குதிரை, அது ஓடுறதுக்கு முன்னாடியே பாதி சக்தியைச் செலவு பண்ணிட்டுது. அங்க வெயிலும் புழுக்கமும் ஜாஸ்தி, எல்லாக் குதிரையும் கொஞ்சம் வேர்க்கும், அதனால ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட்டுத்தான் பாக்கணும்.

குதிரையைப் பராமரிக்கிற பசங்களைக் கவனிங்க. அது காது கிட்ட ஏதோ பேசிக்கிட்டே நடப்பாங்க, மூக்கைத் துடைச்சு விடுவாங்க. ஒரு குதிரைக்கும் அதைப் பாத்துக்குறவனுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு அங்க தெரியும். கம்பி தாண்டி கை நீட்டாதீங்க, ஃப்ளாஷ் போட்டு படம் எடுக்கவே எடுக்காதீங்க, கத்திக் கூப்பிடாதீங்க. ரேஸ் குதிரை ரொம்ப நரம்புத் துடிப்பு உள்ள பிராணி, ஒரு ஃப்ளாஷ்ல மிரண்டா அதுக்கும் ஆபத்து ஜாக்கிக்கும் ஆபத்து. போனை உள்ள வைங்கன்னு ஸ்டாஃப் சைகை காட்டினா கேள்வி கேக்காம வெச்சுடுங்க.

குதிரைங்க மேல அவங்க இவ்வளவு கவனமா இருக்குறதுக்குக் காரணம் இருக்கு. 2020 ஆரம்பத்துல, உலகமே கொரோனான்னு பேசிட்டு இருந்தப்போ, நாகோன் ராட்ச்சசீமா மாகாணம் பாக் சோங் பக்கம் குதிரைங்க திடீர் திடீர்னு செத்து விழ ஆரம்பிச்சது. ஆப்பிரிக்கக் குதிரை நோய்னு கண்டுபிடிச்சாங்க, தாய்லாந்துல அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. கொசுவை விடச் சின்னதா ஒரு கடிக்கிற பூச்சி இருக்கு, அது மூலமா பரவுறது. காலைல நல்லா இருந்த குதிரை ராத்திரி இருக்காது, அவ்ளோ வேகம். 500-க்கும் மேல குதிரைங்க போயிடுச்சு. தொழுவம் தொழுவமா வலை கட்டி, அந்திக்கு முன்னாடி குதிரையை உள்ள அடைச்சு, தடுப்பூசி போட்டு, குதிரைங்களை ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டு போறதைக் கட்டுப்படுத்தி, ஒரு வழியா அடக்கினாங்க. நோய் இல்லாத நாடுன்னு உலக விலங்கு நல அமைப்பு கிட்ட திரும்பப் பேர் வாங்க 2023 ஆயிடுச்சு. பேடாக்ல நீங்க பாக்குற வயசான குதிரைங்கள்ல சிலது அந்த வலைக்குள்ள மாசக்கணக்கா இருந்து தப்பிச்சு வந்ததா இருக்கலாம். வேற எங்கயாவது பண்ணைல குதிரை சவாரி போயிட்டு வந்தீங்கன்னா அதே ஷூவோட நேரா இங்க வராதீங்க, கழுவிட்டு வாங்க.

பந்தயம் கட்டணும்னா

கட்டுறவங்க வின், பிளேஸ் ரெண்டோட நிறுத்திக்கோங்க. வின்னா முதல்ல வரணும். பிளேஸ்னா முதல் சில இடத்துல எதுல வந்தாலும் காசு, எத்தனை இடம்ங்கிறது அந்த ரேஸ்ல ஓடுற குதிரை எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். புதுசா போறவங்களுக்கு பிளேஸ் நல்லது, பணம் குறைச்சலா வரும், ஆனா மத்தியானம் முழுக்க ஏதாவது ஒண்ணுல ஜெயிச்ச சந்தோஷம் இருக்கும்.

டிக்கெட் 50 பாட்ல இருந்து கிடைக்கும். கவுண்டர்ல இருக்குற அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, வர வேண்டிய அவசியமும் இல்ல, நாலே வார்த்தை போதும். குதிரை நம்பருக்கு "பெர்", அதோட எண், அப்புறம் "வின்" இல்லாட்டி "ப்ளெட்", பிளேஸைத்தான் அவங்க அப்படிச் சொல்வாங்க, கடைசியா எத்தனை டிக்கெட்டுங்கிறதுக்கு "பாய்". ஏழாம் நம்பர், வின், ரெண்டு டிக்கெட்னா "பெர் ஜெட், வின், சோங் பாய் க்ராப்". எண்களை ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லிப் பழகிக்கோங்க: நுங், சோங், சாம், சீ, ஹா, ஹோக், ஜெட், பேட், காவ், சிப். ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் அவ்வளவுதான். ஹோக்குக்கும் ஹாவுக்கும் சத்தத்துல அவங்களுக்கே சந்தேகம் வந்தா விரலைக் காட்டுங்க, புக்ல நம்பரைத் தொட்டுக் காட்டுங்க. டிக்கெட் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராம நம்பர் சரியான்னு பாருங்க, அப்புறம் மாத்தித் தர மாட்டாங்க.

டோட் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி மயக்கம் தெளிஞ்சிடும். ஒரு ரேஸ்ல வின்னுக்குன்னு மொத்தம் 1,00,000 பாட் சேர்ந்ததா வெச்சுக்குவோம். கிளப்புக்கும் வரிக்கும்னு ஒரு பங்கு எடுத்துடுவாங்க, ஒரு கணக்குக்கு 20 சதவீதம்னு வைங்க, மிச்சம் 80,000. ஏழாம் நம்பர் மேல 400 டிக்கெட் வித்திருக்கு, அது ஜெயிச்சா 80,000-ஐ 400-ஆ பிரிச்சு ஒரு 50 பாட் டிக்கெட்டுக்கு 200 வரும். அதே குதிரை மேல ஊரே கட்டி 1,600 டிக்கெட் வித்திருந்தா? ஜெயிச்சும் 50 பாட்தான் வரும், போட்ட காசு. அதாவது நீங்க கிளப்போட மோதலை, பக்கத்துல உக்காந்திருக்குற அத்தனை பேரோடயும்தான் மோதுறீங்க, அவங்கெல்லாம் நாப்பது வருஷமா இதைப் படிக்கிறவங்க, எல்லாருக்கும் முன்னாடி ஒரு பங்கு மேல இருந்து போயிடுது. மொத்தமாப் பாத்தா கூட்டம் தோக்கத்தான் செய்யும், கணக்கே அப்படி. போர்டுல ஓடுற எண்கள் ரேஸ் ஆரம்பிக்கிற வரைக்கும் மாறிக்கிட்டே இருக்கும், கடைசி ரெண்டு நிமிஷத்துல திடீர்னு ஒரு குதிரை மேல பணம் குவியும், ஸ்டாண்ட்ல ஒரு சலசலப்பு வரும், அதைப் பாத்து ஓடிப் போய் கட்டாதீங்க.

டிப்ஸ் சொல்றேன்னு ஒட்டிக்கிற ஆளுங்களும் இருப்பாங்க, ஜெயிச்சா பங்கு கேப்பாங்க. மரியாதையா ஒதுங்கிடுங்க. பக்கத்து சீட்ல இருக்குற தாத்தா தானா தன் புக்கைத் திருப்பி ஒரு நம்பரைப் பேனாவால சுட்டிக் காட்டுறது வேற விஷயம், அது அன்பு, ஒரு "கோப் குன் க்ராப்" சொல்லி 50 பாட் அதுல போட்டா அவருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

குதிரை ஓடும்போது

முதல் ரெண்டு மூணு ரேஸை ஸ்டாண்ட் மேல இருந்து பாருங்க, போக்கு புரியும். அப்புறம் ஒண்ணையாவது கீழ இறங்கி, முடியுற கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, வேலி ஓரமா நின்னு பாருங்க. தூரத்துல ஒரு கலர் புள்ளிக் கூட்டமா வந்துட்டு இருக்குறது கடைசி வளைவு திரும்பினதும் தரை வழியாவே காலுக்கு வரும், குளம்புச் சத்தம், ஜாக்கிங்க போடுற அதட்டல், மண் தெறிக்கிறது, மூச்சு, எல்லாம் ஒரு அஞ்சு செகண்ட்தான். அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம இருந்த கூட்டம் அந்த நேரத்துல ஒட்டுமொத்தமா எழுந்து நம்பரைச் சொல்லிக் கத்தும், நீங்க கத்துக்கிட்ட பத்து எண்ணும் அங்க காதுல விழும்.

உங்க குதிரை தோத்துடுச்சுன்னு உடனே டிக்கெட்டைக் கிழிக்காதீங்க. நெருக்கமான முடிவுன்னா போட்டோ பாப்பாங்க, ஜாக்கி குறுக்க வந்தான்னு ஆட்சேபணை வந்தா வரிசையே மாறும். முடிவு அதிகாரபூர்வமா போர்டுல வந்து எவ்வளவு பாட்னு போட்டப்புறம் பணம் கொடுக்குற கவுண்டருக்குப் போங்க. ஜெயிச்ச டிக்கெட்டை அன்னைக்கே, கிளம்புறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, டூர் வந்தவங்களுக்கு இன்னொரு நாள்னு ஒண்ணு கிடையாது. நிறைய வந்தா எல்லார் முன்னாடியும் எண்ணாதீங்க.

ஒரு குதிரை விழலாம், கால் உடையலாம். ரேஸ்னா அதுவும் உண்டு, குழந்தை மனசு உள்ளவங்க, பிராணிகள் கஷ்டப்படுறதைப் பாக்க முடியாதவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. அப்படி நடந்தா போன் எடுத்து வீடியோ எடுக்காதீங்க.

சாப்பாடும் திரும்புறதும்

உள்ள சாதம், நூடுல்ஸ், பொரிச்ச கோழி, பழம், ஐஸ் காபி எல்லாம் கிடைக்கும். சைவம்னா கஷ்டம்தான், காய்கறி வறுவல்லயும் மீன் சாஸ் விடுவாங்க, "கின் ஜே"ன்னு சொன்னா சுத்த சைவம் சாப்பிடுறேன்னு புரிஞ்சுக்குவாங்க, ஆனா அங்க சமைச்சுத் தருவாங்கன்னு எதிர்பாக்காதீங்க. வெட்டின மாம்பழம், அன்னாசி வாங்கிக்கோங்க, இல்ல காலைலயே வயிறு நிறைய சாப்பிட்டு வந்துடுங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு சிலோம் பக்கம் போங்க, பான் ரோடு முனைல 19-ம் நூற்றாண்டுல தமிழங்க கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு, கோயிலுக்கும் போயிட்டு அந்த வட்டாரத்துலயே நம்ம சாப்பாடு சாப்பிடலாம்.

கிளம்புற நேரம் ஆறு மணி கிட்ட ஆயிடும். சரியா ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல தேசிய கீதம் ஒலிக்கும், எஸ்கலேட்டர் பக்கம் ஓடிட்டு இருந்தவங்க உட்பட எல்லாரும் அப்படியே நிப்பாங்க, நீங்களும் நில்லுங்க, ஒரு நிமிஷம்தான். வாசல்ல மொத்தக் கூட்டமும் டாக்ஸிக்கு நிக்கும், மீட்டர் போட மாட்டேன்னு சொல்ற வண்டில ஏற வேண்டாம், நடந்து சியாம் வந்துடுங்க.

வெளியூர் ரேஸ்

பாங்காக் தேதி ஒத்து வரலைன்னா வெளியூர்லயும் மைதானங்கள் உண்டு. சியாங் மாய்ல நோங் ஹோ பக்கம் லன்னா கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஒண்ணு, அப்புறம் வடகிழக்குல நாகோன் ராட்ச்சசீமா, கோன் கேன், உடோன் தானி, ரோய் எட் மாதிரி ஊர்கள். சிலது ராணுவ நிலத்துல இருக்கு, அங்க போட்டோ எடுக்குறதுல ரெண்டு மடங்கு கவனம் வேணும், வாசல்ல சிப்பாய் அடையாள அட்டை கேட்டா பாஸ்போர்ட்டைக் காட்டுங்க. கூட்டம் கம்மி, குதிரைங்க சைஸ்ல சின்னதா இருக்கும், இங்கிலீஷ் ஒரு வார்த்தை கூட ஓடாது, ஆனா குதிரைக்கும் ஜனங்களுக்கும் இன்னும் கிட்ட போகலாம். இந்த மைதானங்கள் மாசக்கணக்கா மூடிக் கிடக்குறதும் திடீர்னு திறக்குறதும் உண்டு, அதனால அந்த ஊருக்குப் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, அந்த வாரம் ரேஸ் உண்டான்னு அந்த ஊர்ல இருக்குற ஒருத்தர் வாயால கேட்டுட்டு ஏறுங்க.